காணாக்கடியும் முதற்கவளமும்

(மாதர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நம் வீடுகளில் வழங்கிவரும் பழைய சொல் ஒன்றைக் கொண்டு இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். நன்றாக இருந்த ஒருவருடைய உடம்பில், யாதொரு முகாந்தரமும் இன்றி, கொசுக்கடி போலவும் அதைவிடப் பெரிதாகவும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, தாங்கமாட்டாத அரிப்பைக் கொடுத்து, இரண்டொரு மணி நேரத்தில் வந்த சுவடே தெரியாமல் அமுங்கிவிடுமானால், அதற்குக் காணாக்கடி என்று பெயர் சொல்கிறோம். கண்ணுக்குத் தென்படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டுப் போயிற்று என்பது அப்பெயரின் தாத்பரியம். கடித்தது இன்னதென்று தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிற பெயர் அது. அந்த வகையில் அதன்பால் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், பெயர் வைத்த மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். வேப்பிலையால் வருடுவதும், வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பதும் பெரியவர்களுக்குச் செய்கிற உபசாரம். பல் முளைக்காத சிசுவுக்கோ, கடித்தது எது என்று அந்தக் கணத்திலேயே தேடிப் பார்த்தாக வேண்டும். ஏனெனில், தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்து, இப்போதுதான் ஒவ்வொரு பண்டமாக நாவில் ருசி பார்க்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்குக் காணாக்கடி கண்டால், கடித்தது பாயிலோ தொட்டிலிலோ இல்லாமல், பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் இருக்கக்கூடும்.

ஆறு மாதம் நிறைந்ததும் குழந்தைக்குச் சோறூட்டுகிற வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அன்னப்பிராசனம் என்று நாள் பார்த்துக் கோவிலில் செய்வோரும் உண்டு. வீட்டிலேயே பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, தாய்மாமன் மடியில் இருத்தி ஊட்டுவோரும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும், முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு என்றே சொல்லிவருகிறது. அன்று தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள், அரிசி, பருப்பு, கேழ்வரகு, கோதுமை, வாழைப்பழம், தயிர், முட்டை, மீன், வேர்க்கடலை, எள் என்று வீட்டார் உண்ணும் பண்டம் ஏறக்குறைய அனைத்தையும் அக்குழந்தை சந்தித்துவிடுகிறது. இத்தனை புதிய பொருள்களை இவ்வளவு குறுகிய காலத்தில் மனித சரீரம் சந்திப்பது ஆயுளில் வேறெப்போதும் இல்லை. மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இச்சந்திப்பு சுகமாகவே நடந்தேறுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டு எந்தத் தாயும் கரண்டியைக் கீழே வைத்துவிடக் கூடாது.

சேராத பண்டம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல சங்கதிகள் அடங்கிக் கிடக்கின்றன. அளவு மீறி ஊட்டினால் கக்குவதும், கெட்டுப்போனதை ஊட்டினால் பேதியாவதும், பாலிலுள்ள சர்க்கரை செரியாமல் வயிறு பொருமுவதும் ஒவ்வாமை ஆகா. உடம்பைக் காக்கவென்று அமைந்த காவற்படையானது, நட்பாக வந்த உணவைப் பகையென்று பிழையாக எண்ணி அதன்மேல் பாய்வதே ஒவ்வாமை. இதை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ இளவரசருடைய கப்பலில் கடற்பயணம் சென்ற சார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், கடல் ஜெல்லி மீனைப் போன்ற பிராணிகளின் விஷத்தை ஆராயத் தொடங்கி, கரை திரும்பிய பின் கடற்சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தார்கள். அம்மை குத்துவதைப் போல, முதற்சிறு அளவு பின்னால் வரும் விஷத்தைத் தாங்கும் வலிமையைக் கொடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். நடந்ததோ நேர்மாறு. முதல் ஊசியைச் சிரமமின்றித் தாங்கிக்கொண்ட நாய், மூன்று வாரத்துக்கு மேல் கழித்து மறுபடியும் சிறு அளவு ஏற்றியபோது, சில நிமிஷங்களில் மூச்சுத் திணறி, இரத்தமாய் வாந்தியெடுத்து, அரைமணிக்குள் மாண்டுபோயிற்று. காப்புக்கு எதிர்மாறான நிலை என்னும் பொருள்பட அதற்கு அனாஃபைலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1906இல் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, மாறிய செயற்பாடு என்னும் கருத்தில் அலர்ஜி என்ற சொல்லை உண்டாக்கினார். அப்பிழையைச் செய்விக்கிற, இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பொருளை இஷிசாகா தம்பதியர் 1966இல் கண்டறிந்து சொன்னார்கள். அந்த நாயின் கதையில் ஒரு நுட்பத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: முதற்சந்திப்பில் உடம்பு பகையைக் குறித்துக்கொள்கிறது, மறுசந்திப்பிலேயே பாய்கிறது. இதற்குப் பின்னால் திரும்பி வருவேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைவேளையில், எட்டு மாதப் பேத்தியை இடுப்பில் ஏந்தியபடி ஒரு பாட்டி என் அறைக்குள் ஓடிவந்தார். அவரிடம் எழுத்து வாசனை அதிகமில்லை; ஆனால், நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் எனக்குக் கற்பிக்காத அளவுக்கு ஒழுங்காக அவர் சங்கதியைச் சொன்னார். ‘மஞ்சக்கரு நாலு நாளா குடுத்தேன்யா, ஒண்ணும் பண்ணலை. இன்னிக்குத்தான் வெள்ளைக்கரு குடுத்தேன், என் சுண்டுவிரல் நகம் அளவு. அடுப்புல குக்கர் அப்பத்தான் ரெண்டாவது விசில் அடிச்சுது. நாலாவது விசிலுக்குள்ள மோவாயில தடிப்பு எழும்பிருச்சு. அப்புறம் காதைப் பிறாண்டினா, கண்ணைக் கசக்கினா, ரெண்டு வாட்டி கக்கினா. இப்ப அழற குரலு எங்க பாப்பா குரலா இல்லைய்யா’ என்றார். சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் மிச்சமிருந்த வெள்ளைக்கரு இருந்தது.

அக்குழந்தையின் மேனியில் அப்போது எழும்பியிருந்த தடிப்புகள் பார்வைக்கு அவ்வளவு பயங்கரமாக இல்லை. கன்னத்தில் நாலைந்து, வயிற்றில் பத்துப் பதினைந்து. தடிப்பை மட்டும் பார்த்திருந்தால், அரிப்பை அடக்கும் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பத் தோன்றியிருக்கும். பாட்டி சொன்ன கடைசி வாக்கியமே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காதைக் கொடுத்துக் கேட்டேன், அழுகை கம்மியிருந்தது, ஒவ்வொரு அழுகைக்கும் நடுவே மூச்சு இழுக்கும்போது மெல்லிய கீச்சொலி கேட்டது. தொண்டைக்குள் வீக்கம் கண்டுவிட்டது என்பதற்கு அதுவே லட்சணம். தாமதியாமல் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டோம். சில நிமிஷங்கள் சென்ற பின் குழந்தை மறுபடி வீறிட்டு அழுதபோது, ‘இதுதான்யா எங்க பாப்பா குரலு’ என்று சொல்லி அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், கொடுத்து எவ்வளவு நேரத்தில், எது முதலில் கண்டது என்னும் இந்நான்கையும் தெரிவிக்கிற சாட்சிக்கு நிகரான பரீட்சை எதுவும் எங்கள் மருத்துவமனைகளில் இல்லை. இரத்தப் பரீட்சையும் தோற்பரீட்சையும் அச்சாட்சியை உறுதி செய்யப் பயன்படுமேயல்லாமல், அதன் ஸ்தானத்தில் அமர வல்லவை அல்ல. நாங்கள் நோய் வந்த பிறகு பார்க்கிறவர்கள். அது வருகிறபோது பார்க்கிறவர் ஊட்டுகிறவர் ஒருவரே. ஆகவே அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இனிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உடனடியாக வருகிற ஒவ்வாமை, ஊட்டிய சில நிமிஷங்களில் தொடங்கி, பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். தோலில் தடிப்பும், உதடு, கண்ணிமை, காதுமடல் ஆகியவற்றில் வீக்கமும், அரிப்பும் காணும்; அடுத்தடுத்து வாந்தி வரலாம்; மூக்கு ஒழுகித் தும்மல் அடுக்கலாம். எங்கள் புத்தகங்களில் தோல் செந்நிறமாகச் சிவக்கும் என்று எழுதியிருக்கும். அப்புத்தகங்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளின் மேனியில் அச்சிவப்பு எடுப்பாகத் தெரியாது. சற்றுக் கருமை கூடினாற்போலவோ, ஒன்றுமே இல்லாதது போலவோ தோன்றும். ஆகையால், கண்ணை மாத்திரம் நம்பாமல், புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் முதுகையும் தொடையையும் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும்; பணியாரம் போல மேடு தட்டும். ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் குழந்தையைத் திருப்பினால், மேட்டின் நிழல் விழுந்து தடிப்பு தெரிந்துவிடும். சட்டையைக் கழற்றாமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது பிசகு.

பேசத் தெரிந்த பிள்ளை, தொண்டை அடைக்கிறது, நாக்கு நமநமவென்கிறது என்று சொல்லும். கைக்குழந்தை அதைச் சொல்லும் விதம் வேறு. வாயில் விரலை விட்டுத் துழாவும். நாக்கை வெளியே தள்ளித் தள்ளி இழுக்கும். எச்சிலை விழுங்கமாட்டாமல் ஒழுக விடும். தேற்றத் தேற்ற அடங்காமல் அழும். அழுகை கம்முவதும், இடைவிடாமல் இருமுவதும், இளைப்பு இரைவதும், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குவதும் அபாயத்தின் அடையாளங்கள். எல்லாவற்றிலும் பெரிய அபாயத்தை நம்மவர்கள் பெரும்பாலும் நிம்மதி என்று எண்ணிவிடுகிறார்கள் என்பதைச் சொல்லும்போது என் மனம் பதைக்கிறது. அதுவரை அழுது ஆர்ப்பரித்த குழந்தை, திடீரென்று அடங்கி, வெளுத்துப்போய், கைகால் துவண்டு, தோளில் துணி போலச் சாய்ந்து கண்ணை மூடுகிறதென்றால், அழுத களைப்பில் தூங்குகிறது என்று தொட்டிலில் போட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தம் வீழ்கிறபோதும் குழந்தை அப்படித்தான் அடங்கும். எழுப்பிப் பாருங்கள்; வழக்கம்போல் விழித்துச் சிணுங்கவில்லையெனில் அது தூக்கமன்று.

இனி, ஒவ்வாமை போலத் தோன்றியும் ஒவ்வாமை அல்லாதவற்றைச் சிறிது சொல்ல வேண்டும். தக்காளியும் ஆரஞ்சும் அன்னாசியும் வாயைச் சுற்றிப் பட்ட இடத்தில் மட்டும் புளிப்பினால் சிவந்து, துடைத்த சிறிது நேரத்தில் மறைவது தோலின் எரிச்சலே. கோடையில் கழுத்திலும் முதுகிலும் பொரிகிற வேர்க்குரு, ஓரிடத்தில் நாள்கணக்கில் நிற்கும். காணாக்கடியோ இடம் மாறி மாறி எழும்பும். சளிக்காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு அக்காய்ச்சலாலேயே உடம்பு முழுதும் தடிப்பு எழும்புவது மிகச் சாதாரணம். அன்றைக்குத் தற்செயலாக ஊட்டிய பண்டத்தின்மேல் பழி விழுந்து, அதை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இக்காரணம் பற்றியே, காய்ச்சல், சளி, பேதி உள்ள நாளிலும், தடுப்பூசி போட்ட நாளிலும் புதிய பண்டம் எதையும் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

தாமதமாக வரும் வகையொன்று உண்டு. அதற்கு நம் வீடுகளில் மாந்தம் என்று பெயராகிவிடுகிறது. பசும்பாலோ பால்பவுடரோ தொடங்கிய சில நாட்களில் மலத்தில் சளியும் இரத்தக் கோடுகளும் காணுதல், கரப்பான் முற்றுதல் என்பவை அதன் குணங்கள். அரிதாக, ஊட்டி 1 முதல் 4 மணி நேரம் கழிந்த பின், தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலே, குடல் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சும்படி திரும்பத் திரும்ப வாந்தியெடுத்துக் குழந்தை துவண்டுபோவதும் உண்டு. பால், சோயா மட்டுமன்றி, சாதுவான அரிசிக் கஞ்சியே அதற்குக் காரணமாவதும் உண்டு. உரைமருந்து இழைத்துப் புகட்டிப் பொழுதைப் போக்க வேண்டிய நோயல்ல இது. நீர் வற்றிப் போவதற்குள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த முறையும் அதே பண்டத்துக்கு அதே நேரக்கணக்கில் வாந்தி வருமானால் அது மாந்தமன்று.

உலகெங்கும் பசும்பால், முட்டை, வேர்க்கடலை, பாதாம் முந்திரி வகைகள், மீன், இறால் நண்டு வகைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவையே மிகுதியாக ஒவ்வாமை உண்டாக்குகின்றன. நம் தேசத்தில் கொண்டைக்கடலை முதலான பருப்பு வகைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பசும்பால் சேராத குழந்தைக்கு ஆட்டுப்பால் ஆகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இரண்டின் புரதங்களும் ஏறக்குறைய ஒன்றே ஆகையால் அது பெரும்பாலும் ஆகாது. ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கோதுமையும் பாலும் ஒளிந்திருப்பதையும் மறக்கலாகாது.

நம் வீட்டுச் சத்துமாவைப் பற்றி இங்கே மனம்விட்டுப் பேச வேண்டும். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பாதாம், முந்திரி, ஏலக்காய் என்று ஒன்பதும் பத்துமாகச் சேர்த்து வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, டப்பாவில் நிரப்பி மகளுக்கு அனுப்பிவைக்கிற தாயின் அன்பை நான் அறிவேன். அம்மாவு சத்துள்ளது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால், அதையே முதற்கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டி, குழந்தைக்குத் தடிப்பு எழும்பிவிட்டால், பத்துப் பேர் கூடி நின்ற இடத்தில் நடந்த குற்றத்துக்குச் சாட்சியில்லாத கதையாக, எது கடித்தது என்று யாராலும் சொல்ல இயலாது போகிறது. பாவம், பத்துப் பண்டமும் தண்டனைக்கு உள்ளாகின்றன. குழந்தை பட்டினிக்கு உள்ளாகிறது. சத்துமாவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் சேரும் ஒவ்வொரு தானியத்தையும் பருப்பையும் கொட்டையையும் முன்னதாகத் தனித்தனியே ஊட்டி, குழந்தை ஏற்றுக்கொண்டது என்று கண்ட பிறகு, எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். டப்பா இரண்டு மாதம் பொறுத்திருக்கட்டும்.

தனித்தனியே ஊட்டுவதற்கு முறை எளியது. காலைப் பொழுதில், குழந்தை பசியோடும் சுகத்தோடும் இருக்கிற வேளையில், புதிய பண்டம் ஒன்றை மட்டும், கரண்டி நுனியளவு நாவில் வையுங்கள். பதினைந்து நிமிஷம் விளையாட விட்டுக் கவனியுங்கள். ஒன்றும் இல்லையெனில் இன்னும் சிறிது. அடுத்த நாள் அதைவிடச் சற்று அதிகம். மூன்று நாள் அதையே கொடுத்த பின் அடுத்ததற்குப் போகலாம். மாலையில் தொடங்கினால், குழந்தை தூங்குகிற நேரத்தில் வருவதைப் பார்க்க ஆளிராது. முட்டையை முழுக்க வேகவைத்தும், வேர்க்கடலையை வறுத்து விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரைத்தும் கொடுக்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும் ஆகையால் ஐந்து வயது வரை அது கையில் கிடைக்கவே கூடாது. முட்டை, மீன் உண்ணாத வீட்டார் அவற்றை ஊட்ட வேண்டும் என்பது என் கருத்தன்று. தேனை ஓராண்டு நிறையும் வரை சேனைக்கும் தொடாதீர்கள்; அது ஒவ்வாமையால் அன்று, அதிலிருக்கக்கூடிய நச்சுக்கிருமியின் வித்துகளால்.

சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். அன்றைய தாளில், நல்ல நேரம் ராகு காலத்துக்குக் கீழே, ‘காலை 8.30, கேழ்வரகு, அரைக் கரண்டி’ என்று எழுதி, ஏதேனும் கண்டால் நேரத்தோடு அதையும் குறித்து, கிழித்த தாளை எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். செல்பேசி வைத்திருக்கும் இளந்தாய்மார்கள், தடிப்பு மறைவதற்குள் புகைப்படம் எடுத்துக்கொள்வது நன்று. எங்களிடம் வரும்போது பெரும்பாலும் அது மறைந்துபோயிருக்கும்.

அபாயம் உள்ள பண்டங்களை இரண்டு மூன்று வயது வரை கொடுக்காமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். முட்டையை 2 வயது வரையிலும், வேர்க்கடலையையும் மீனையும் 3 வயது வரையிலும் தள்ளிவைக்கும்படி, ஒவ்வாமைக்கு இடமுள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000ஆம் ஆண்டில் அறிவுரை கூறிற்று. பயன் காணாமல் 2008இல் அதைக் கைவிட்டது. அதே 2008இல், லண்டனில் கிடியன் லாக் என்பவரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளிடையே காணும் கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடையே காண்பதைப் போல் 10 மடங்கு என்று வெளியிட்டார்கள். இஸ்ரேலியக் குழந்தைகள் பம்பா என்னும் கடலைத் தின்பண்டத்தைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சப்பித் தின்பவர்கள். அதைத் தொடர்ந்து, கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளைக் கொண்டு அவர்கள் நடத்திய பெரும் பரீட்சையின் முடிவு 2015இல் வெளிவந்தது. தொடக்கத்தில் தோற்பரீட்சையில் தடிப்புக் காட்டாத குழந்தைகளில், கடலையை அடியோடு விலக்கியவர்களுள் நூற்றுக்கு 13.7 பேருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. வாரந்தோறும் உண்டுவந்தவர்களுள் 1.9 பேருக்கே இருந்தது. காப்பாற்றுவதாக எண்ணி நாங்கள் விலக்கச் சொன்னது, காப்பை விலக்கச் சொன்னதாக முடிந்தது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்வதே முறை.

இப்போது ரிஷேயின் நாய்க்குத் திரும்புகிறேன். மறுசந்திப்பிலேயே உடம்பு பாயும் என்றால், முதன்முறை ஊட்டியபோதே சில குழந்தைகளுக்கு ஏன் வருகிறது? வாய் வழியாக அது முதன்முறை. தோல் வழியாக முன்பே சந்திப்பு நடந்துவிட்டது என்பதே விடை. கரப்பானால் வெடித்துக் கசிகிற தோலின் வழியே உணவின் துகள் உட்புகுந்தால், உடம்பு அதைப் பகையென்று குறித்துக்கொள்கிறது. வாய் வழியே குடலுக்குச் சென்றால் நட்பென்று பழகிக்கொள்கிறது. கடலையெண்ணெய் கலந்த தோற்களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடையே கடலை ஒவ்வாமை மிகுந்திருந்ததை 2003இல் இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். நாமோ கைக்குழந்தைக்குப் பயத்தம்மாவும் கடலைமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள். தோல் வழுவழுப்பாக, முழுதாக உள்ள குழந்தையின் பாட்டியிடம் நான் வாதுக்குப் போவதில்லை. கரப்பான் கண்டு கன்னமும் முழங்கை மடிப்பும் வெடித்திருக்கிற குழந்தைக்கு, உண்ணப்போகும் பண்டத்தின் மாவை மேலுக்குத் தேய்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய குழந்தைக்கு முதலில் கரப்பானை ஆற்றுங்கள். முட்டையும் கடலையும் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு பண்டத்தைக் குழந்தை ஏற்றுக்கொண்ட பிறகு, மாதக்கணக்கில் மறந்துவிடாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊட்டிவாருங்கள்.

பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவது மற்றொரு தீங்கு. பாலூட்டும் தாய்க்குக் கத்தரிக்காய் கரப்பான் பண்டம், மீன் ஆகாது, பருப்பு மாந்தம் என்று தடுத்து, ரசஞ்சோற்றோடு நிறுத்திவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நவீன வீடுகளில் அவ்வேலையை இரத்தப் பரீட்சைத் தாள் செய்கிறது. கர்நாடகத்தில் பெரியவர்களிடையே நடந்த ஓர் ஆராய்ச்சியில், இரத்தப் பரீட்சையில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான குறி தென்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்; மெய்யாகவே உணவு ஒவ்வாமை உடையவர்கள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். தாளில் குறி இருந்தது என்பதற்காக, சுகமாக உண்டுவரும் குழந்தையின் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். மெய்யான ஒவ்வாமையும் பெரும்பாலும் நிரந்தரமன்று. பாலும் முட்டையும் சேராத குழந்தைகளில் மிகப் பலர் வளர வளர அவற்றை ஏற்றுக்கொள்கிறார்கள். கடலையும் மீனும் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. மறுபடி கொடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில் நடக்க வேண்டிய காரியம். அந்தப் பாட்டியின் பேத்திக்கு நான்காவது வயதில் அப்படித்தான் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. இன்று அவள் பள்ளியில் சத்துணவு முட்டையைத் தினந்தோறும் உண்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிய பண்டம் ஊட்டிய பின் இரண்டொரு தடிப்பு மட்டும் எழும்பி, குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தால், அப்பண்டத்தை நிறுத்தி, வாயையும் கையையும் கழுவி, சில மணி நேரம் கண் மறையாமல் பார்த்திருந்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிலோ, குரலிலோ, விழிப்பிலோ மாறுதல் கண்டாலும், தடிப்போடு வாந்தியும் அடுக்கினாலும், திருஷ்டி கழிக்கவும் மந்திரிக்கவும் ஒரு நிமிஷமும் செலவிடாமல் 108ஐ அழையுங்கள். கையில் வண்டி இருந்தால் உடனே புறப்படுங்கள். அரிப்பு மருந்து தொண்டை வீக்கத்தைத் தடுக்காது; தொடையில் போடும் அட்ரினலின் ஒன்றே உயிர் காக்கும் மருந்து. போகும் வழியில் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போடாமல், கைகளில் படுக்கை வாட்டில் ஏந்துங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள். ஊசி போட்டுக் குழந்தை தேறிவிட்டது என்று உடனே வீட்டுக்குத் திரும்பிவிடவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு. ஊட்டிய நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கிண்ணத்தைக் கழுவிவிடாமல், மிச்சத்தோடு எடுத்து வாருங்கள்.